இருட்டில் இறங்கும் முன்: போர்க்கால லண்டன் பயணிகளுக்கான பாதுகாப்புச் சுவரொட்டிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் பேருந்து, டிராம், டிராலிபஸ், சுரங்க ரயில் என எல்லாவற்றையும் ஒரே நிர்வாகம்தான் ஓட்டியது. 1933இல் தொடங்கிய அந்த வாரியத்தை மக்கள் 'லண்டன் டிரான்ஸ்போர்ட்' என்றே அழைத்தார்கள். சுரங்க ரயிலுக்கு 'டியூப்' என்று பெயர். போர் நடந்த ஆறு ஆண்டுகளும் இந்த வாரியம் பயணிகளோடு சுவரொட்டிகள் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தது. அந்தச் சுவரொட்டிகளைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

பயணிகளுக்கு எதற்கு இத்தனை சுவரொட்டிகள்? குண்டிலிருந்து தப்பிக்கவா?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முதலில் ஆளைக் கொன்றது குண்டு அல்ல, இருட்டு.

எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியாமலிருக்க, 1939 செப்டம்பர் 1 இரவே பிரிட்டன் முழுவதும் விளக்குகள் அணைக்கப்பட்டன. இதைத்தான் இருட்டடிப்பு என்கிறேன். போர் அறிவிக்கப்பட்டதோ செப்டம்பர் 3இல். லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது 1940 செப்டம்பர் 7இல். அதாவது, குண்டு விழுவதற்கு ஓராண்டு முன்பிருந்தே நகரம் தினமும் இருட்டில்தான் நடமாடியது. இருட்டு தொடங்கிய முதல் மாதமே சாலைச் சாவுகள் முந்தைய ஆண்டின் செப்டம்பரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகின. 1938இல் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 6,648 பேர். 1941இல் இறந்தவர்கள் 9,169 பேர். அந்த நாட்டின் வரலாற்றில் ஒரே ஆண்டில் இவ்வளவு பேர் சாலையில் இறந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பெட்ரோல் பங்கீட்டால் கார்கள் குறைந்துபோன காலத்தில் வந்த கணக்கு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருட்டடிப்பு என்றால் எவ்வளவு இருட்டு?

தெருவிளக்கு கிடையாது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. வண்டிகளின் முன்விளக்குக்கு மூடி போட்டு, கீழ்நோக்கி ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் விட்டார்கள். பேருந்துக்குள்ளும் ரயில் பெட்டிக்குள்ளும் மங்கிய நீல விளக்கு. எதிரில் இருப்பவர் முகமே சரியாகத் தெரியாத வெளிச்சத்தில் நாளிதழ் படிக்க வழியில்லை.

வெள்ளைச் சுண்ணாம்புதான் பல இடங்களில் வழிகாட்டியது. நடைபாதை ஓரக்கற்கள், மரங்களின் அடிப்பாகம், விளக்குக் கம்பங்கள், பேருந்துகளின் மட்கார்டு என எல்லாவற்றிலும் வெள்ளை பூசினார்கள். 1940 பிப்ரவரியில் ஊர்ப்பகுதிகளில் இரவு வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள்.

தமிழில் 'இருட்டடிப்பு' என்றால் இன்று நமக்குச் செய்தியை மறைப்பதுதான் சட்டென்று நினைவுக்கு வரும். இங்கே அதை நேர்ப்பொருளில் பயன்படுத்துகிறேன். அந்த மற்றப் பொருளுக்கும் கீழே ஓரிடத்தில் வேலை வரும்.

அந்தச் சுவரொட்டிகள் அப்படி என்னதான் சொன்னன?

சின்னச் சின்ன விஷயங்கள்தான். வெளிச்சமான ஸ்டேஷனிலிருந்து தெருவுக்கு வந்ததும் கொஞ்சம் நில். ரயில் நின்றதும் இறங்கிவிடாதே, பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் என்று பார். பேருந்தை நிறுத்த டார்ச் அடிக்காதே. சில்லறையைக் கையில் எடுத்து வை.

இவற்றில் எதுவும் வீரம் பேசவில்லை. கால், கண், கை, இவை அடுத்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கின்றன. அதையும் ஆபத்து இருக்கும் இடத்திலேயே, வெளியேறும் வழியிலும் பெட்டிக்குள்ளும் ஒட்டிச் சொல்கின்றன. இந்தச் சுவரொட்டிகளின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். 'ஒரு நிமிடம் நில்' என்றால் நிற்பார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஏன் நிற்கச் சொன்னார்கள்?

கரண்ட் போன வீட்டை நினைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்த அந்தக் கணத்தில் சுவரும் தெரியாது, கதவும் தெரியாது; மெழுகுவர்த்தியைத் தடவித் தேடுகிறோம். இரண்டு நிமிடம் போனதும் ஜன்னல் சட்டம் தெரிகிறது, நாற்காலியின் முதுகு தெரிகிறது. இருட்டு குறையவில்லை, கண் பழகியிருக்கிறது. கருமணி விரிவது சில நொடி வேலை. விழித்திரை முழுதாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

டியூப் ஸ்டேஷனின் உட்பகுதி பூமிக்கடியில் இருந்ததால் அங்கே விளக்கு எரிந்தது. அங்கிருந்து படியேறி வருபவர், கண் பழகாமலே, வேலைக்கோ வீட்டுக்கோ போகும் அவசரத்தில் நேராகச் சாலையில் இறங்குவார். எதிரே வரும் பேருந்து ஓட்டுநருக்கும் அவரைத் தெரியாது. 'உங்கள் கண் இருட்டுக்குப் பழகும் வரை அவசரப்படாதீர்கள்' என்ற கருத்தில் வந்த சுவரொட்டிகள் இந்தச் சில நொடிகளுக்காகவே வரையப்பட்டன. அரைப்பங்குக்கு மேல் வெறும் கறுப்பு, அதில் ஓர் ஆள் உருவம், அவ்வளவுதான். அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதே செய்தி பாதி சேர்ந்துவிடுகிறது.

ரயிலிலிருந்து தவறான பக்கம் இறங்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. லண்டன் சுரங்க ரயிலின் பல பாதைகள் நகர ஓரத்தில் தரைக்கு மேலே ஓடுகின்றன. அங்கே இருட்டில் ரயில் சிக்னலுக்காக நின்றதா, ஸ்டேஷனில் நின்றதா என்று தெரியாது. பெயர்ப்பலகை தெரியாது. கதவைக் கையால் திறக்கும் பெட்டிகளில் இது இன்னும் மோசம். பிளாட்ஃபாரம் என்று நினைத்து வைத்த கால் தண்டவாளத்தில் போய் விழும். அதனால்தான் 'ரயில் ஸ்டேஷனில்தான் நிற்கிறதா, நீங்கள் இறங்குவது பிளாட்ஃபாரம் பக்கம்தானா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்' என்று சுவரொட்டி சொன்னது. இன்று படிக்கும்போது இது சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கலாம். அன்று அதைப் படித்தவர்களில் சிலர் அதனாலேயே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இருட்டில் பேருந்தை எப்படி நிறுத்தினார்கள்?

பலர் டார்ச்சை எடுத்து ஓட்டுநரின் முகத்தில் அடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதோடு ஓட்டுநரின் கண் அடுத்த சில நிமிடங்களுக்குப் பாழ். அதனால் டார்ச் வேண்டாம், வெள்ளையாக எதையாவது அசையுங்கள், கைக்குட்டையோ நாளிதழோ போதும் என்று சுவரொட்டிகள் கேட்டுக்கொண்டன.

இருட்டடிப்புச் சுவரொட்டிகளை வரைந்தவர்களில் ஹான்ஸ் ஷ்லேகரை இங்கே சொல்லியாக வேண்டும். 'ஜீரோ' என்று கையெழுத்திடுவார். பிரஷ்யாவில் பிறந்த யூதர், 1932இல் லண்டனில் குடியேறியவர். லண்டன் பேருந்து நிறுத்தங்களின் அடையாளப் பலகையை 1935இல் வடிவமைத்தவரும் அவர்தான். ஜெர்மன் விமானங்கள் தலைக்கு மேல் பறந்த ஆண்டுகளில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவரின் கோடுகளைப் பார்த்து லண்டன்வாசிகள் பத்திரமாக வீடு போகக் கற்றுக்கொண்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

சில்லறைக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர்ப் பேருந்தில் 'சரியான சில்லறை கொடுத்து உதவவும்' என்பது கண்டக்டரின் வசதிக்கு. இருட்டுப் பேருந்தில் அது எல்லோருக்கும் தேவைப்பட்டது.

அன்றைய பிரிட்டிஷ் பென்னி கிட்டத்தட்ட 31 மில்லிமீட்டர் அகலம். அரை கிரௌன் நாணயம் 32 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. மதிப்போ, ஒரு அரை கிரௌன் 30 பென்னிக்குச் சமம். நீல விளக்கில் செம்பும் வெள்ளியும் ஒரே நிறம். ஒரே ஒரு வழி இருந்தது: நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பது. அரை கிரௌனின் ஓரத்தில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும், பென்னியின் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். இப்படி ஒவ்வொருவரும் தடவிக்கொண்டிருந்தால் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கும். கண்டக்டரால் படியில் ஏறுபவரைக் கவனிக்க முடியாது. போருக்குப் போன ஆண்களின் இடத்தில் வேலைக்கு வந்த பெண் கண்டக்டர்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள்.

பில்லி பிரௌன் யார்?

கார்ட்டூனிஸ்ட் டேவிட் லாங்டன் 1940இல் லண்டன் டிரான்ஸ்போர்ட்டுக்காக உருவாக்கிய பாத்திரம். பௌலர் தொப்பி, கோட்டு, கோடு போட்ட பேன்ட், ஒழுங்கே உருவான ஒரு குமாஸ்தா. பேருந்திலும் ரயில் பெட்டியிலும் சின்னச் சட்டங்களில் அவர் படம் இருக்கும். கீழே எதுகையோடு நான்கைந்து வரி: வரிசையில் நிற்பது எப்படி, பேருந்தை நிறுத்தக் கை காட்டுவது எப்படி, உள்ளே தள்ளி நிற்பது எப்படி என்று.

எதுகை ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றைத்தான் நினைவூட்டுவேன்: 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. கரம், சிரம் என்றெல்லாம் நாம் பேச்சில் சொல்வதே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறிய யாருக்கும் அந்த வரி மறப்பதில்லை. 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்பதும் அப்படித்தான். காதில் ஒட்டிக்கொண்ட வரி, ஜன்னலுக்கு வெளியே கை போகும்போது தானாக வந்து தடுக்கும். லண்டன்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

மக்களுக்குப் பில்லி பிரௌனைப் பிடித்ததா?

பலருக்குப் பிடித்தது, பலருக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலுக்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது.

குண்டு வெடிக்கும்போது கண்ணாடி சிதறிப் பயணிகளைக் குத்திக் கிழிக்கும். அதைத் தடுக்கப் பேருந்து, ரயில் ஜன்னல்கள் முழுவதும் வலைத்துணியைப் பசை போட்டு ஒட்டினார்கள். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சரியான ஏற்பாடுதான். ஆனால் வலை ஒட்டிய ஜன்னல் வழியே வெளியே எதுவும் தெரியாது. பயணிகள் மெல்ல ஓரத்தைப் பிய்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உடனே பில்லி பிரௌன் ஒரு சுவரொட்டியில் வந்து, பிய்க்கும் பயணியைப் பணிவாகத் திருத்தினார்: மன்னிக்க வேண்டும், அது உங்கள் பாதுகாப்புக்காக ஒட்டியது.

அதன் கீழே யாரோ அதே எதுகையில் பதில் எழுதிவிட்டார்கள்: தகவலுக்கு நன்றி, ஆனால் ஸ்டேஷன் எதுவென்று தெரியவில்லையே. இந்தப் பதில் நகரமெங்கும் பரவியது. அதை எழுதியவரைக் குறும்புக்காரர் என்று நான் ஒதுக்க மாட்டேன். அவர் சொன்னது உண்மையான குறை. எந்த ஸ்டேஷன் என்று தெரியாதவர்தான் தவறான இடத்தில் இறங்கி விழுவார். வலையின் நடுவே வெளியே பார்க்கச் சின்னதாக வைரவடிவ இடைவெளி விட்டதுதான் இதற்குத் தீர்வாக இருந்தது. பயணி பிய்த்ததும் அந்த இடைவெளியைத் தேடித்தான்.

குண்டுவீச்சின்போது டியூபில் தங்கச் சொன்னதும் சுவரொட்டிகள்தானா?

இல்லை, தங்கக் கூடாது என்றுதான் முதலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ரயில் ஓட வேண்டும், ஆட்கள் அடைத்துக்கொண்டால் நகரமே நின்றுவிடும் என்பது அரசின் கவலை. பூமிக்கடியில் போனவர்கள் வேலைக்கு மேலே வராமலேயே இருந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

மக்கள் வாதாடவில்லை. இருப்பதிலேயே குறைந்த கட்டணத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, பாயும் போர்வையும் குழந்தையுமாக இறங்கிப் பிளாட்ஃபாரத்திலேயே படுத்துவிட்டார்கள். 1940 செப்டம்பர் 27 இரவில் ஏறக்குறைய 1,77,000 பேர் டியூபில் தங்கினார்கள். அரசு வழிக்கு வந்தது. 79 ஸ்டேஷன்களில் அடுக்குக் கட்டில்கள் போட்டார்கள், தனி ரயில்களில் தேநீரும் சாப்பாடும் வந்தன.

இத்தனைக்கும் டியூபில் தங்கியவர்கள் லண்டன் மக்களில் சிறுபகுதிதான். 1940 நவம்பரில் எடுத்த கணக்கின்படி 100க்கு 4 பேர். அதிகம் பேர் வீட்டிலேயோ தோட்டத்துத் தகரக் கூடாரத்திலேயோதான் இருந்தார்கள்.

படுத்திருப்பவர்களும் ரயிலுக்கு நிற்பவர்களும் ஒரே பிளாட்ஃபாரத்தில் எப்படி இருந்தார்கள்?

இரண்டு வெள்ளைக் கோடுகளால். ஒன்று பிளாட்ஃபாரம் விளிம்பிலிருந்து 8 அடி தள்ளி, இன்னொன்று 4 அடி தள்ளி. மாலை 7.30 வரை தங்க வந்தவர்கள் 8 அடிக் கோட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், முன்பகுதி பயணிகளுக்கு. கூட்டம் குறைந்த பிறகு 4 அடிக் கோடு வரை வரலாம். ரயில்கள் நின்ற பின் பிளாட்ஃபாரம் முழுவதும் அவர்களுக்கு. படுக்கைகளுக்கு ஓரம் கால் வைத்து நடந்தவர்களையும், குழந்தையின் காலை உள்ளே இழுத்துவிட்டவர்களையும் இந்தக் கோடுகள்தான் சேர்ந்து வாழ வைத்தன. எழுத்தே இல்லாத இந்தக் கோட்டைத்தான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாதுகாப்புச் சுவரொட்டி என்று நான் சொல்வேன். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

பேருந்தில் ஹிட்லர் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் உண்டே?

அது ஃபூகாஸ் என்ற பெயரில் வரைந்த கென்னத் பேர்டின் 1940ஆம் ஆண்டுப் படம். இரண்டு பெண்கள் கதை பேசுகிறார்கள், பின் இருக்கையில் ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோயரிங்கும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். வாய்தவறிப் பேசும் பேச்சு உயிரைக் குடிக்கும் என்பது செய்தி. இதை வெளியிட்டது தகவல் அமைச்சகம், போக்குவரத்து வாரியம் அல்ல. பயணப் பாதுகாப்போடு இதற்கு நேரடித் தொடர்பில்லை.

'அமைதியாக இரு, வேலையைப் பார்' சுவரொட்டியும் டியூபில் தொங்கியதா?

இல்லை. 1939இல் 20 லட்சத்துக்கும் மேல் அச்சிட்டார்கள், ஆனால் போரின்போது அதை ஏறக்குறைய யாருமே பார்க்கவில்லை. 2000இல் இங்கிலாந்தின் வடக்கே ஆனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் கோப்பையிலும் பனியனிலும் ஏறியது.

சரி, இந்தச் சுவரொட்டிகள் உண்மையிலேயே உயிர் காத்தனவா?

எத்தனை உயிர் என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் சுவரொட்டி எங்கே போதாமல் போகும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன். அப்போது அது கட்டி முடியாத டியூப் ஸ்டேஷன், தங்கும் இடமாகப் பயன்பட்டது. 1943 மார்ச் 3 இரவு, மழை பெய்து ஈரமான தெரு. சைரன் ஒலித்ததும் மக்கள் வரத் தொடங்கினார்கள். திடீரெனப் பக்கத்து விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பாய்ந்தன. கேட்டறியாத சத்தம். குண்டு என்று நினைத்துக் கூட்டம் வாசலுக்கு விரைந்தது. இறங்கும் 19 படிகள். மேலே மங்கலான ஒரே பல்பு. படிக்கட்டின் நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கீழ்ப்படிகளில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர் மேல் அடுத்தவர். மேலே நின்றவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. சில நொடிகளில் படிக்கட்டு அடைத்துக்கொண்டது. அந்த நெரிசலில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

அந்த வாசலைச் சீரமைக்க உள்ளூர் மன்றம் 1941லேயே அனுமதி கேட்டிருந்தது. மேலிடம் மறுத்துவிட்டது. விபத்துக்குப் பிறகு நீதிபதி லாரன்ஸ் டன் விசாரித்து எழுதிய அறிக்கையும் 1945 வரை வெளிவரவில்லை. இருட்டடிப்பு என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்த 19 படிகளில் சந்தித்தன.

அங்கே வந்தவர்கள் மூன்றரை ஆண்டுகளாகச் சுவரொட்டிகளைப் படித்தவர்கள். நிதானமாக நடக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பிடித்துக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. பயணியிடம் கவனமாக இரு என்று சொல்வதற்கு முன்னால் படிக்குக் கைப்பிடி போடுவது நிர்வாகத்தின் கடமை. பெத்னல் கிரீனில் அந்தக் கைப்பிடி விபத்துக்குப் பிறகுதான் வந்தது. இறந்தவர்களின் பெயர்களோடு அந்த வாசல் அருகே ஒரு நினைவுச் சின்னம் 2017இல் கட்டி முடிக்கப்பட்டது. தலைகீழாகத் தொங்கும் மரப் படிக்கட்டு அது.

இவற்றை இப்போது எங்கே பார்க்கலாம்?

லண்டன் கோவன்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில். இணையத்திலும் அவர்கள் தொகுப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன்களில் ஒட்டியவை பெரும்பாலும் 40க்கு 25 அங்குலம். பெட்டிக்குள் மாட்டியவை சிறியவை. இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டு பாருங்கள். வெள்ளை எழுத்து மட்டும் முதலில் எழுந்து வரும். கறுப்புக்குள் நிற்கும் ஆள் சற்றுத் தாமதித்துத்தான் கண்ணில் படுவார்.